செத்தவள் செருப்புப் பார்க்க வருகிறாள்

என் நாத்தனார் செத்துப்போய்விட்டாள் என்று நகரத்தின் பணக்காரத் தெரு ஒன்று நம்பிக்கொண்டிருந்தது. அவளோ எங்கள் வீட்டுக்கு மேல்மாடியில் குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்துகொண்டு, என் சமையலில் உப்பு போதவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

நாத்தனாரைப் பற்றித் தம்பி பெண்டாட்டி நல்ல வார்த்தை சொன்னால் மழை கொட்டும். எனக்கும் அவளுக்கும் அவ்வளவாக ஆகாது. கல்யாணமான புதிதில் நான் மடித்து வைத்த துணியைப் பிரித்து, மறுபடி மடித்துக் காட்டியவள் அவள். இருந்தாலும் அவளுக்கு நடந்ததைக் கேட்ட அன்று எனக்கு வயிறு பற்றி எரிந்தது. வீட்டுக்குள் நாங்கள் அடித்துக்கொள்வோம், பிடித்துக்கொள்வோம். வெளியாள் ஒருவன் கை வைத்தால் சும்மா இருக்க முடியுமா? நேரில் அவளை 'அண்ணி, வாங்க, போங்க' என்றுதான் பேசுவேன். இங்கே அவள் இவள் என்று எழுதுவது கதைக்காக. யாரும் அவள் காதில் போட்டுவிட வேண்டாம்.

எங்கள் குடியிருப்பில் அவளுக்கு 'ஷோரூம்' என்று பெயர். காலையில் மாடிப்படி இறங்கும்போது உடுப்பிலும் சுருக்கம் இருக்காது, முகத்திலும் இருக்காது. பனியனோடு பல் துலக்கிக்கொண்டிருக்கும் ஆண்கள் அவளைக் கண்டதும் கதவுக்குப் பின்னால் ஒதுங்கிவிடுவார்கள். அவள் புருஷன் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாத மனிதர். அவர் வேகத்துக்கு வேன் போகலாம், குடும்பம் போகாது என்று சொல்லிவிட்டு, இரண்டு பெண் குழந்தைகளையும் மாமியாரிடம் விட்டு அவள் வேலைக்குக் கிளம்பினாள். அந்தக் குழந்தைகள் படித்து முடித்துக் கல்யாணமாகிப் போகிறவரை ஒரே கடை, ஒரே வேலை.

அது ஒரு ஷூ கடை. கடை என்று சொன்னால் அவளுக்குப் பிடிக்காது. ஒரு சுவர் நிறைய ஒரே ஒரு ஜோடி, அதற்கு மேல் தனியாக ஒரு விளக்கு. உள்ளே நுழைந்தால் கோயிலுக்கு வந்துவிட்டோமோ என்று நாமே செருப்பைக் கழற்றிவிடுவோம். அங்கே அண்ணிக்கு வேலை, குட்டி ஸ்டூலில் உட்கார்ந்து வருகிறவர்களின் காலைத் தன் தொடைமேல் வாங்கி மாட்டிவிடுவது. எதிரே சாய்த்து வைத்த கண்ணாடி முழங்காலுக்கு மேல் காட்டாது. வாங்க வந்தவர்கள் அதைப் பார்ப்பார்கள், இல்லாவிட்டால் போனைப் பார்ப்பார்கள். மாட்டிவிடுகிறவள் முகத்தைப் பார்க்க அவர்களுக்கு நேரம் ஏது? அண்ணியும் அவர்கள் முகங்களைப் பெரிதாக நினைவில் வைத்தவள் இல்லை. பாதத்தைப் பார்த்தால் போதும், யாரென்று சொல்லிவிடுவாள்.

அந்தக் கடையில் 'முறை' என்று ஒன்று உண்டு. விற்பவர்கள் வாசலருகே வரிசையாக நிற்பார்கள். கதவு திறந்தால், முதலில் நிற்பவருக்கு அந்த ஆள். வந்தவர் வாங்கினால் கமிஷன். வாங்காமல் எழுந்து போனால் முறை போச்சு, வரிசையின் வாலில் போய் நிற்க வேண்டியதுதான். ஆனால் வருகிறவர் 'அவங்க இருக்காங்களா?' என்று ஆளைச் சொல்லிக் கேட்டுவிட்டால் முறை செல்லாது. அவர் அந்த ஆளின் வாடிக்கை. லீவில் இருந்தால் வேறொருவர் கவனிக்கலாம், திரும்பி வந்ததும் ஒப்படைத்துவிட வேண்டும். வேலையை விட்டாலோ செத்தாலோதான் வாடிக்கை நிரந்தரமாகக் கைமாறும். முதலாளி போட்ட சட்டமில்லை இது. விற்பவர்களே தங்களுக்குள் வைத்துக்கொண்டது.

அண்ணிக்கு வாடிக்கை அதிகம். அவர்களுக்குக் கடைக்குள் பட்டப்பெயர்கள் இருந்தன. முணுமுணுப்பு மேடம், எல்லா ஜோடியையும் முகர்ந்து பார்க்கும் மோப்பக்காரர், எல்லோரிலும் பெரிய கை கப்பலம்மா. கப்பலம்மாவின் புருஷனுக்குக் கப்பல் வியாபாரம். அந்த அம்மா அடிக்கடி வரமாட்டாள். வந்தால் பெட்டி பெட்டியாகப் போகும். அந்தக் கடையில் அண்ணி பிடித்த முதல் கால் கப்பலம்மாவுடையது. அதனால் அவள்மேல் அண்ணிக்குத் தனிப் பிரியம். கப்பலம்மாவுக்குப் பேத்தி பிறந்தது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

இனி எமன். அவன் பெயர் எனக்குத் தெரியும், ஆனால் எங்கள் வீட்டில் அவனுக்கு எமன் என்றுதான் பெயர். எருமை மட்டும்தான் இல்லை. அண்ணிக்குப் பக்கத்தில் வரிசையில் நின்றவன். 'அக்கா, அக்கா' என்று காலைச் சுற்றியவன். அவள் கொண்டுபோன சாப்பாட்டில் பாதியைத் தின்றவன்.

அண்ணிக்குக் கர்ப்பப்பையை எடுக்கிற ஆபரேஷன் நடந்தது. லீவு போட்டாள். அவளைத் தேடி வந்த முதல் அம்மாவிடம் எமன் லீவு என்று உண்மையைச் சொல்லியிருக்கிறான். அந்த அம்மா, அப்படியானால் பிறகு வருகிறேன் என்று போய்விட்டாள். அடுத்து வந்தவளிடம் அவன் தலையைக் குனிந்துகொண்டு, 'அவங்க தவறிட்டாங்க மேடம்' என்றிருக்கிறான். அவள் ஐயோ என்று உட்கார்ந்தவள், உட்கார்ந்த துக்கத்தில் இரண்டு ஜோடி வாங்கிவிட்டாள். ருசி கண்ட பூனை சும்மா இருக்குமா? அதற்குப் பிறகு வந்தவர்களுக்கெல்லாம் அதே சேதிதான். ஒருத்தியிடம் மாரடைப்பு என்றான், இன்னொருத்தியிடம் லாரி என்றான், மோப்பக்காரரிடம் மஞ்சள் காமாலை என்றான். ஒரே பொம்பளையை ஒரே லீவுக்குள் இத்தனை விதமாகச் சாகடித்தவன் உலகத்தில் வேறு எவனாவது இருப்பானா?

லீவு முடிந்து அண்ணி இளைத்துப்போய்க் கடைக்குத் திரும்பினாள். அன்றைக்கு, முகம் பார்த்துப் பேசுகிற ஓரிருவரில் ஒருத்தியான முணுமுணுப்பு மேடம் கதவைத் தள்ளி உள்ளே வந்தாள், அண்ணியைப் பார்த்தாள், போட்ட கூச்சலில் பக்கத்து வாட்ச் கடைக் காவலாளி ஓடிவந்தான். அந்த அம்மாவுக்குத் தண்ணீர் கொடுத்து உட்கார வைத்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. அண்ணி நேராக மேனேஜரிடம் போனாள். மேனேஜர் சிரித்தான். செத்ததாகச் சேதி பரவினால் ஆயுசு கூடும் என்று சொல்வார்களே, உங்களுக்கு நூறு வயது என்றான். எமனும் பக்கத்தில் நின்று சிரித்தான்.

சிரித்துவிட்டுப் போய்விட்டார்கள். ஆனால் செத்தவள் செத்தவள்தான். விஷயம் தெரிந்த வாடிக்கைக்காரர்களுக்கும் அவள் கை பட்டால் ஒரு மாதிரி இருந்தது. காலை நீட்டத் தயங்கினார்கள். தெரியாதவர்கள் அவளைக் கேட்கவே இல்லை. செத்தவளை யார் கேட்பார்கள்? விற்பனை இறங்கியது. மேனேஜர் அவளைக் கீழ்த்தளத்துக் கோடவுனுக்கு மாற்றினான். தையல் போட்ட வயிற்றோடு பெட்டி தூக்க முடியாமல் வேலையை விடுவதாக அவளே எழுதிக்கொடுத்துவிட்டு வந்தாள். அதற்குப் பிறகு கப்பலம்மா வந்தபோது அண்ணி கடையில் இல்லை. எமன் அந்த அம்மாவிடமும் சொல்லிவிட்டான் என்று கேஷியர் அக்கா போனில் சொன்னாள். அன்றைக்குத்தான் அண்ணி அழுதாள்.

கொஞ்ச நாள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். பிறகு எங்கள் பேட்டையில் பள்ளிக்கூட ஷூ விற்கும் ஒரு கடையில் சேர்ந்தாள். அதற்குப் பிறகு ஒரு சனிக்கிழமை, மத்தியானச் சாப்பாடு முடிந்ததும், இஸ்திரி போட்ட உடுப்பில் ஷோரூமாக என் கதவைத் தட்டினாள். கிளம்பு, பெரிய கடைத்தெருவுக்குப் போகலாம் என்றாள். என்ன வாங்கப் போகிறோம் என்று கேட்டேன்.

"ஒண்ணும் வாங்க வேணாம். என்னைச் சாகடிச்ச வாயாலயே, நான் உசுரோட இருக்கேன்னு அவனைச் சொல்ல வைக்கணும். அதுவும் கப்பலம்மா முன்னாடி. அவங்க வர்ற வரைக்கும் அவனை நான் தூங்க விடமாட்டேன்."

சண்டை என்றால் எனக்குச் சர்க்கரை. என் புருஷன் தடுத்துப் பார்த்தார். அக்காளும் பெண்டாட்டியும் ஒரே கட்சியில் இருப்பதை அன்றுதான் முதல்முறையாகப் பார்க்கிறார். பயந்துபோய்க் கதவைத் திறந்துவிட்டார்.

அந்தத் தெருவுக்கு நான் அதற்கு முன் போனதில்லை. பஸ் அந்தத் தெருவுக்குள் வராது, முனையிலேயே இறக்கிவிட்டுவிடும். வண்டிச் சத்தம் அங்கே நின்றுவிடுகிறது. தரை நம் வீட்டுச் சாப்பாட்டுத் தட்டைவிடச் சுத்தம். கண்ணாடிக்குப் பின்னால் ஒரு கைப்பை மட்டும் தனியாக நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தது. விலை எழுதவில்லை. விலையைக் கேட்கிறவனால் வாங்க முடியாது என்பது அந்தத் தெருவின் கணக்கு என்றாள் அண்ணி. வாசனைக் கடையில் ஒருத்தி ஓடிவந்து என் மணிக்கட்டில் சென்ட் பீய்ச்சினாள். வீடு திரும்பிய பின்னும் போகவில்லை, என் புருஷன் இரண்டு நாள் சந்தேகத்தோடு பார்த்தார். நாய்க்கு உடுப்பு விற்கும் கடை ஒன்று. அந்த உடுப்பு என் கல்யாணப் புடவையைவிட நன்றாக இருந்தது. எனக்கு வாய் பிளந்துகொண்டு வந்தது, அண்ணி முழங்கையால் இடித்து மூட வைத்தாள். அவள் எதையும் பார்க்கவில்லை. நிமிர்ந்து, நிதானமாக, எல்லாக் கடைக் கண்ணாடியிலும் தன் உருவம் விழும்படி நடந்தாள். வாட்ச் கடைக் காவலாளி அவளைக் கண்டு எழுந்து நின்றான். அவனைப் பார்த்து அவள் தலையசைத்தாள். பேய் தலையசைத்தால் எப்படி நிற்பானோ அப்படி நின்றான் அவன்.

ஷூ கடையின் கேஷியர் அக்கா எங்கள் கட்சி. அவள் உட்காருமிடம் வெளியிலிருந்து பார்த்தால் தெரியும். எமனின் முறை வந்ததும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பாள். துடைத்தால் நாங்கள் கதவைத் தள்ள வேண்டும். அன்று முதல்முறை நாங்கள் உள்ளே போனபோது எமனின் முகம் வெளுத்துச் சுண்ணாம்பாயிற்று. முறையை விட்டுக்கொடுத்தால் வாலுக்குப் போகவேண்டும். ஏற்றுக்கொண்டால் அண்ணியின் முன்னால் மண்டி போடவேண்டும். வேறு வழியில்லாமல் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். அண்ணி காலை நீட்டினாள்.

அதற்கு அப்புறம் அவள் செய்ததை நான் இன்றைக்கும் நினைத்து நினைத்துச் சிரிப்பேன். மேல்தட்டில் இருப்பதைக் கேட்டாள். அது வந்ததும், கீழ்த்தளத்தில் இருப்பதைக் கேட்டாள். அது வந்ததும், மேல்தட்டில் இருந்ததே பரவாயில்லையோ என்றாள். பழுப்பு என்றாள், பழுப்பில் கொஞ்சம் சிவப்பு கலந்த பழுப்பு என்றாள். வார் வைத்தது, வார் இல்லாதது, வார் இருந்தும் இல்லாத மாதிரி இருப்பது. பெட்டிகள் அவனைச் சுற்றிக் கோட்டைச் சுவராக எழும்பின. கடைசியில், மனசுக்குப் பிடிக்கலை என்று எழுந்து வந்துவிட்டாள். எமனுக்கு முறை போயிற்று. சனிக்கிழமை சாயங்காலம்தான் அந்தக் கடைக்கு வாரம் முழுவதற்குமான வியாபாரம். அவன் வரிசையின் வாலுக்குப் போவதைக் கண்ணாடி வழியே பார்த்துவிட்டுத்தான் பஸ்ஸுக்கு நடந்தோம்.

சனிக்கிழமைதோறும் போனோம். மேனேஜராலும் ஒன்றும் செய்ய முடியவில்லை. சத்தம் போடாமல், நல்ல உடுப்பில், காலை நீட்டிக்கொண்டு உட்காருகிற பொம்பளையை எந்தக் காரணம் சொல்லி வெளியே அனுப்புவது? பார்க்கத்தான் செருப்பு வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் அவன் குனிந்திருக்கும்போது அண்ணி மெல்லக் கேட்பாள், எனக்கு மாரடைப்பா, லாரியா என்று. அவன் அடுத்த பெட்டியைத் திறப்பான். அவன் கால்சட்டையில் முழங்கால் இரண்டும் தேய்ந்து பளபளத்தன, ஒன்றில் உள்ளே ஒட்டுப் போட்டிருந்தது. ஒரு நொடி எனக்குப் பாவமாக இருந்தது. அண்ணியின் வயிற்றுத் தையலை நினைத்தேன், பாவம் போய்விட்டது.

கடைசியாக அந்தச் சனிக்கிழமை வந்தது. அவன் முகத்தில் ஒருவாரத் தாடி. அண்ணியின் காலைத் தொடையில் வாங்கிக்கொண்டே, தலை நிமிராமல், மேனேஜர் எச்சரித்துவிட்டார், இந்த மாதமும் விற்பனை இறங்கினால் வீட்டுக்குப் போகவேண்டியதுதான், இன்று ஒருநாள் விட்டுவிடுங்கள் என்று கெஞ்சினான். அண்ணி கேட்டாள், நானும் வீட்டுக்குத்தான் போனேன், செத்தா போய்விட்டேன்?

அப்போது கதவு திறந்தது. நல்ல உயரம், வெள்ளை முடி, காதில் ஏதோ மாட்டிக்கொண்டு காற்றோடு பேசியபடி ஒரு அம்மா உள்ளே வந்தாள். அண்ணியின் பாதம் அவன் தொடைமேல் விறைத்தது. அவள் அந்த அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை, காலைத்தான் பார்த்தாள். கப்பலம்மா.

அவள் எமனைக் கைகாட்டிக் கூப்பிட்டுவிட்டு எங்களுக்கு அடுத்த இருக்கையில் உட்கார்ந்தாள். இப்போது அவள் அவனுடைய வாடிக்கை. அவன் எழப் பார்த்தான். அண்ணி காலை எடுக்கவில்லை.

"போ. ஆனா செருப்பை எடுக்கறதுக்கு முன்னாடி சொல்லு. எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொல்லு."

அவன் போனான். கப்பலம்மாவின் முன்னால் மண்டியிட்டான். கேஷியர் அக்கா பில் அடிப்பதை நிறுத்தினாள், வரிசையில் நின்றவர்கள் திரும்பினார்கள், மேனேஜர் தன் அறையிலிருந்து எட்டிப்பார்த்தான்.

"மேடம், நான் உங்ககிட்ட பொய் சொல்லிட்டேன். முன்னாடி உங்களைக் கவனிச்சுக்கிட்ட அக்கா சாகல. உசுரோடதான் இருக்காங்க. அதோ, உங்க பக்கத்துல உக்காந்திருக்காங்க."

கடை முழுக்கக் கேட்டது. அண்ணி உடுப்பைச் சரிசெய்துகொண்டு, நிமிர்ந்து, அந்தப் பக்கம் திரும்பினாள். இத்தனை சனிக்கிழமையும் இதற்குத்தானே.

கப்பலம்மா ஒரு விரலைத் தூக்கிக் காட்டினாள். பொறு என்று அர்த்தம். காதில் இருந்ததிடம், பேத்தியின் பாட்டு வாத்தியாரை மாற்றவேண்டும், அந்த ஆள் சரியில்லை என்று விலாவாரியாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவன் சொன்னதில் ஒரு எழுத்துகூட அவள் காதில் ஏறவில்லை. பேச்சுக்கு நடுவில் ஒருகணம் குனிந்து, சுவரில் விளக்குக்குக் கீழே இருந்த பளபளப்புத் தோல் ஜோடியைக் காட்டி, அது கறுப்பில் இருக்கிறதா என்று அவனைக் கேட்டாள். மறுபடி வாத்தியாருக்குப் போய்விட்டாள்.

எமன் அண்ணியைப் பார்த்தான். திரும்பச் சொல்லட்டுமா என்று கண்ணால் கேட்டான். உண்மையாகவே கேட்டான், அதை மறுக்கமாட்டேன். அண்ணி வேண்டாம் என்று தலையசைத்தாள். கோபம் வீடு மாறியதை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். அவனிடமிருந்து கிளம்பி, அடுத்த இருக்கைக்குப் போய்விட்டது.

கறுப்பு வந்தது. வலது கால் வழுக்கிக்கொண்டு போனது. இடது கால் போகவில்லை. எமன் ஷூ மாட்டும் இரும்புக் கரண்டி வைத்துக் குதிகாலைத் தள்ளினான். கப்பலம்மா முகத்தைச் சுளித்தாள்.

இங்கே ஒன்று சொல்லவேண்டும், அன்று இரவு அண்ணி எனக்குச் சொன்னது. கப்பலம்மாவுக்கு இடது பாதம் வலதைவிடக் கொஞ்சம் பெரிது. அது அந்த அம்மாவுக்கே தெரியாது. அண்ணி சொன்னதும் இல்லை. பெரிய மனுஷிகளிடம் உன் கால் கோணல் என்று யார் சொல்வது? கோடவுனுக்குப் போய் வேறு வேறு அளவில் இரண்டு பெட்டியைப் பிரிப்பாள், இதிலிருந்து வலது, அதிலிருந்து இடது என்று எடுத்து ஒரே பெட்டியில் வைத்துக் கொண்டுவருவாள். மிஞ்சிய பொருந்தா ஜோடியை வருஷக் கடைசித் தள்ளுபடிக் குவியலில் அடியில் தள்ளிவிடுவாள். யாரோ ஒரு அப்பாவி அதை வாங்கிக்கொண்டு போய்த் தன் காலில்தான் குறை என்று நினைத்துக்கொள்வான்.

எமனுக்கு இது தெரியாது. இடது இறுக்குகிறது, வேண்டாம் என்று கப்பலம்மா காலை உருவப் போனாள். எமன் முகத்தில் ஈயாடவில்லை. அவள் எழுந்து போனால் அவன் வேலை போச்சு. அண்ணி வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தாலே போதும், எமனின் கணக்கு தீர்ந்துவிடும்.

அவள் வாய் திறந்தாள். அடுத்த இருக்கையிலிருக்கும் யாரோ ஒரு நல்ல மனுஷியைப் போல, தேன் தடவிய குரலில் சொன்னாள்.

"எடுத்துக்கோங்கம்மா. புதுசுல அப்படித்தான் இருக்கும். ரெண்டு நடை நடந்தா தோல் விட்டுக்கொடுத்துடும். உங்க காலுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு."

அந்தப் பளபளப்புத் தோல் சாகும்வரை விட்டுக்கொடுக்காது. அது கடையிலிருந்த எல்லோருக்கும் தெரியும். கப்பலம்மா கண்ணாடியில் காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், அப்படியா என்றாள், போட்டுக்கொண்டே போகிறேன், பழையதைப் பெட்டியில் வைத்துவிடு என்றாள். கூடவே இன்னும் பெட்டி பெட்டியாகக் கைகாட்டினாள். எமனின் வேலை பிழைத்தது. பில் போட்டுவிட்டு ஓடிவந்து, அக்கா, இதை உயிருள்ளவரை மறக்கமாட்டேன் என்றான். உனக்காகச் செய்யவில்லை, போடா என்று அவனைத் தாண்டி நடந்தாள் அண்ணி.

கப்பலம்மா டிரைவரிடம் பெட்டிகளைக் கொடுத்தனுப்பிவிட்டுத் தெருவில் நடக்க ஆரம்பித்தாள். நாங்கள் பின்னாலேயே போனோம். நகரத்தில் சனிக்கிழமை சாயங்காலம் வேடிக்கை பார்க்க எத்தனையோ இருக்கும். எங்களுக்கு ஒரு இடது கால் போதுமாக இருந்தது. வாட்ச் கடை வரை ஒழுங்காக நடந்தாள். நாய் உடுப்புக் கடை வாசலில் ஒரு கணம் நின்று குதிகாலைத் தூக்கினாள். வாசனைக் கடையைத் தாண்டும்போது லேசாகச் சாய்ந்தாள். கைப்பைக் கடைக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். அண்ணியின் முகத்தில் இப்படி ஒரு சந்தோஷத்தை நான் அவள் பெண்களின் கல்யாணத்தில்கூடப் பார்த்ததில்லை. பாட்டு வாத்தியாரா, இந்தா வாங்கிக்கோ, இன்னொரு அடி வை என்று பல்லுக்கிடையில் சொல்லிக்கொண்டே வந்தாள். எனக்கு ஐஸ்கிரீம் வாங்கிக்கொடுத்தாள். என் நாத்தனார் எனக்கு வாங்கிக்கொடுத்த முதல் ஐஸ்கிரீம் அது. நானும் சிரித்தேன். பொய் சொல்லமாட்டேன், ஐஸ்கிரீமும் நன்றாக இருந்தது, அந்த அம்மா நொண்டுவதும் நன்றாக இருந்தது.

நீரூற்றுக்குப் பக்கத்தில் இருந்த பெஞ்சில் கப்பலம்மா பொத்தென்று உட்கார்ந்தாள். இடது செருப்பைக் கழற்றினாள். குதிகால் உரிந்து ரத்தம் கசிந்திருந்தது. காதில் இருந்ததையும் பிடுங்கிப் பைக்குள் போட்டுவிட்டு, நிமிர்ந்து பார்த்தாள். நாங்கள் முன்னால் நின்றுகொண்டிருந்தோம். கொஞ்ச நேரத்துக்கு முன் பக்கத்தில் உட்கார்ந்து பேசியவள் என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை. இதைக் கொஞ்சம் பிடியேன் அம்மா என்று செருப்பை அண்ணியின் கையில் கொடுத்துவிட்டு, கைக்குட்டையால் குதிகாலைச் சுற்றினாள். வலியில் பேசுகிறவர்கள் யாரிடம் பேசுகிறோம் என்று பார்ப்பதில்லை.

"இந்தக் கடையில முன்னாடி ஒருத்தி இருந்தா. அவ மாட்டிவிட்டா எனக்கு ஒருநாளும் கடிச்சதில்ல. என்ன மாயமோ, அவ கையில அப்படி ஒண்ணு இருந்துச்சு. பாவம், செத்துப்போயிட்டா. கேட்ட அன்னிக்கு எனக்குச் சோறே இறங்கல. இவனுங்க தர்றதெல்லாம் இப்படித்தான் இருக்கு."

எனக்கு ஐஸ்கிரீம் வேண்டாமென்று ஆகிவிட்டது. அண்ணியை இடித்தேன். சொல்லுங்கள், இப்போது சொல்லுங்கள், எமனும் வேண்டாம் எவனும் வேண்டாம், நான்தான் அது என்று ஒரு வார்த்தை. அண்ணியின் உதடு அசைந்தது. பிறகு கையிலிருந்த செருப்பைப் பார்த்தாள். உள்பக்கம் குதிகால் இடத்தில் ஈரமாக, சிவப்பாக இருந்தது. அந்தக் கைக்காரி நான்தான் என்று, இதைக் கையில் வைத்துக்கொண்டு எப்படிச் சொல்வாள்?

"ஆமாம்மா, எனக்கும் தெரியும்," என்றாள். "செத்துத்தான் போயிட்டா."

குனிந்து செருப்பைக் கப்பலம்மாவின் பாதத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். திரும்பி நடந்தாள். பஸ் முனைவரைக்கும் கண்ணாடி எதிலும் பார்க்கவில்லை.

பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது. கூட்டம் ஏறி நெருக்கியது, வண்டி கிளம்பியது. ஏன் அண்ணி அப்படிச் சொன்னீர்கள், ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த அம்மா கட்டிப்பிடித்திருப்பாளே என்று கேட்டேன். எங்கள் நிறுத்தம் வந்து எழுந்தபோதுதான் சொன்னாள்.

"அவன் சொன்னப்போதான்டி அது பொய்."